ஒரு வீட்டுக்கு ஒரு வேலை

மூன்றாம் தளத்திலிருந்த காபி இயந்திரத்தை இரண்டு பேர் வந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழுது பார்க்கத்தான் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரமாகியும் திரும்பி வரவில்லை. அது நின்ற இடத்தில் சுவரில் பழுப்புக் கறை மட்டும் மிச்சமிருந்தது.

"ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலையாம் அக்கா. அடுத்த வருஷம் இங்க காபி குடிக்க ஆள் இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

அவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். ஊரில் எங்கே தும்மினாலும் அவனுக்கு முதலில் கேட்டுவிடும். பாதி பொய்யாக இருக்கும். மீதிப் பாதிதான் ஆளைத் தூங்கவிடாது.

"நீ வேற. காபி இல்லேன்னா தண்ணி குடி," என்று சொல்லிவிட்டு அவள் திரையில் இருந்த வரைபடத்துக்குத் திரும்பினாள்.

அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. கதவக்கா. லிஃப்ட் தயாரிக்கும் நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாகக் கதவுப் பிரிவில் வடிவமைப்புப் பொறியாளர். லிஃப்ட் என்றால் ஜனங்கள் கயிற்றையும் மோட்டாரையும் நினைத்துத்தான் பயப்படுவார்கள். கோளாறு வருவது பெரும்பாலும் கதவில்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். கதவு எவ்வளவு விசையோடு மூட வேண்டும், குறுக்கே கை வந்தால் எத்தனை நொடியில் பின்வாங்க வேண்டும், கதவு ஓடும் அடிவரிப் பள்ளத்தில் மண் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் மூடப்போகும் கதவுக்குள் வேண்டுமென்றே கையை நீட்டிப் பார்ப்பாள். அப்போதெல்லாம் கணவரும் மகளும் யாரோ எவரோ என்பதுபோல நான்கடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள்.

கணவர் அதே கட்டிடத்தில் ஐந்தாம் தளம். லிஃப்டின் மூளை என்று சொல்லப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் இருவருக்கும் அறிமுகமே ஒரு சண்டையில்தான். கதவு இரண்டு நொடி முன்னதாக மூடினால் காத்திருக்கும் கூட்டம் குறையும் என்றார் அவர். முடியாது என்றாள் அவள். ஆறு கூட்டம் போட்டும் தீரவில்லை. ஏழாவது கூட்டத்துக்கு அவள் ஒரு கைத்தடியோடு வந்தாள்.

"இதை ஊன்றிக்கிட்டு நடந்து உள்ளே போங்க, பார்ப்போம்."

சோதனை அறையில் பத்துப் பேர் பார்க்க அவர் தடியை ஊன்றி நடந்தார். பாதி வழியில் கதவு அவர் தோளில் வந்து இடித்தது. கோபப்படுவார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் சரி என்றாள். அவர் அவளைவிட ஏழு வயது மூத்தவர். அடுத்த வருடம் கல்யாணம், அதற்கடுத்த வருடம் மகள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிருந்தது. அவருக்கு மட்டும் படிப்படியாக வந்து, குழுத் தலைவரானார். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரே வீட்டுக்குள்தானே வருகிறது என்று விட்டுவிட்டாள்.

காபி இயந்திரம் போனதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட மூன்று பேர், யாரோடும் பேசாமல், மேசைகளை எண்ணிக்கொண்டு போனார்கள். காலியான இடங்களுக்கு ஆள் எடுப்பது நின்றது. முதலில் நாற்பது பேர் என்றான் ரேடியோ. மறுவாரம் நூற்றிருபது என்றான். ஜனங்கள் விடுப்பு எடுப்பதை விட்டார்கள். சோதனை அறைக்காரர் ஒருவர் கன்னம் வீங்கிய நிலையிலும் பல் மருத்துவரிடம் போகாமல் ஒன்பது நாள் ஓட்டினார். துறைத் தலைவர் யாரைப் பார்த்துச் சிரித்தார், யாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சாப்பாட்டு வேளையில் அலசி ஆராய்ந்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரிதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு நாள் ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, இதை உங்ககிட்ட சொல்லாம இருக்கக்கூடாதுன்னு சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பீடிகை போடாம சொல்லு."

"புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் இங்க இருந்தா, ஒருத்தரைத்தான் வைப்பாங்களாம். ஒரு வீட்டுக்கு ஒரு வேலை. இந்தக் கட்டிடத்துல அப்படி நாலு ஜோடி இருக்கீங்க."

அவள் சிரித்து வைத்தாள். "எண்ணி வெச்சிருக்கியா? உன்னைத்தான் முதல்ல அனுப்பணும்."

இந்தச் செய்தி ஐந்தாம் தளத்துக்கும் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை காரில் வரும்போது கணவர் போக்குவரத்தைப் பற்றிப் பேசினார். மறுநாள் டயரில் காற்று குறைந்திருப்பதைப் பற்றிப் பேசினார். அவளும் காற்றைப் பற்றியே பேசினாள். அந்த ஒரு பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள்.

உடைத்துக் கேட்டது மகள்தான். பள்ளிக்கூடக் கடைசி வருடம், பதினேழு வயது. பாத்திரத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "உங்க ரெண்டு பேர்ல யாரை அனுப்பப் போறாங்க?" என்றாள்.

"யாருடி சொன்னது?"

"என் கூடப் படிக்கிறவளோட அப்பாவும் அங்கதானே வேலை பார்க்கிறார். கிளாஸ்ல பாதிப் பேருக்குத் தெரியும்."

"வதந்தியெல்லாம் நம்பாதே," என்றார் அவர். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி, பேச்சு அதோடு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் துணி உலர்த்தும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நாம ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கலாமா? அவங்க என்ன கேட்டாலும், நம்மள்ல யாரும் தனியாப் போய்ப் பேசக்கூடாது. ஒருத்தர்தான்னா, யாருங்கறதை இங்க உட்கார்ந்து நாம முடிவு பண்ணுவோம்."

அவர் ஈரத் துவாலையை உதறிக் கொடியில் போட்டார். ஓரங்களைச் சரிபார்த்தார்.

"சரி," என்றார்.

"சத்தியமா?"

"அதான் சரின்னு சொல்றேனே."

அதற்குப் பிறகு அவள் மனது கொஞ்சம் லேசாகிவிட்டது. எது நடந்தாலும் இரண்டு பேர் சேர்ந்து தாங்குவது வேறுதானே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் ஜூலை மாதம் முழுக்க அவள் வேலையில் மும்முரமாக இருந்தாள். கடல் தாண்டிய கிளை அலுவலகத்திலிருந்து மூன்று இளம் பொறியாளர்கள் தினமும் காலையில் திரையில் வந்தார்கள். கதவுப் பிரிவின் எல்லா வரைபடங்களையும், எல்லாக் கணக்குகளையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மேலிடத்து உத்தரவு. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும்.

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "உங்க குழியை நீங்களே தோண்டிட்டிருக்கீங்க அக்கா. கொஞ்சம் இழுத்தடிங்க. பாதியைச் சொல்லிட்டு மீதியை வயித்துல வெச்சுக்குங்க."

"எந்தப் பாதியை வெச்சுக்கட்டும்? கதவு பின்வாங்குற கணக்கையா? அதை விட்டுட்டுச் சொன்னா எங்கயோ ஒரு குழந்தையோட விரல் போகும்."

"விரல் போனா அவங்க பதில் சொல்லட்டும்."

"குழந்தைக்கு யார் பதில் சொன்னா என்ன?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். மூன்று பேரில் ஒரு பெண் கெட்டிக்காரி. அவள் கேட்கும் கேள்விகள் நறுக்கென்று இருந்தன. அவற்றுக்குப் பதில் சொல்லும்போது தன் வேலை போய்க்கொண்டிருப்பதே இவளுக்கு மறந்துபோகும்.

ஜூலை கடைசிச் செவ்வாய், காலை பத்தரைக்கு, இரண்டாம் தளத்தில் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையின்மேல் புதிதாகப் பிரித்த காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. துறைத் தலைவரும் மனிதவளத் துறைப் பெண் ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். கதவுப் பிரிவு கிளை அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது, உங்கள் பதவி நீக்கப்படுகிறது, இது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. வாசிக்கும்போது ஒரு தடவைகூட நிமிரவில்லை.

துறைத் தலைவருக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை போலும். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு தேவைன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். பொண்ணுக்கும் கடைசி வருஷப் படிப்பு. நீங்களே விடற யோசனையிலதான் இருந்தீங்களாம். அதைக் கேட்டதும் எங்க மனசு கொஞ்சம் ஆறிச்சு."

அவள் அவரையே பார்த்தாள். "யார் சொன்னாங்க?"

"உங்க கணவர்தான். அவரே என்னை வந்து பார்த்தார். ரெண்டு பேர்ல ஒருத்தர்னா உங்களை எடுத்துக்கலாம்னு..." பாதியில் அவருக்கே ஏதோ தட்டுப்பட்டு மென்று விழுங்கினார்.

"எப்போ வந்தார்?"

"அது... ஜூன் கடைசியில. ஒரு வியாழக்கிழமை."

பால்கனியில் துணி உலர்த்திய ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த வியாழன். நான்கே நாள். அவள் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் மனது எண்ணிவிட்டது.

கையெழுத்துப் போட்டாள். மடிக்கணினியைக் கொடுத்தாள். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பத்தொன்பது வருடச் சாமான் ஒரு காகிதப் பையில் அடங்கியது. ஒரு கோப்பை, ஒரு கம்பளிச் சட்டை, மகள் நான்காம் வகுப்பில் வரைந்த படம். ரேடியோவின் மேசை அதற்குள் காலியாக இருந்தது. அவனை அவளுக்கு முன்பே கூப்பிட்டிருந்தார்கள்.

கீழே வந்து வரவேற்பறை நாற்காலியில் உட்காரப் போனாள். வாசல் காவலர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். தினமும் காலையில் அவளுக்கு வணக்கம் சொல்கிறவர்.

"மேடம், மன்னிக்கணும். அட்டை இல்லாதவங்களை உட்கார வைக்கக்கூடாதுன்னு இன்னிக்குச் சொல்லியிருக்காங்க."

"பரவாயில்லை. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் அவள் பையை வாங்கிக்கொண்டு கார் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தார். ஒரே காரில் வந்தவர்கள். இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வாடகைக் காரைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதை யோசிக்கவே தோன்றவில்லை. காலையில் எப்படி வந்தாளோ அப்படியே மாலையில் போவதுதான் அவளுக்குப் பழக்கம்.

பதினொன்றரைக்குக் கணவர் வேகவேகமாக வந்து கண்ணாடியைத் தட்டினார். ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"நீங்கதான் முன்னாடியே போய்ச் சொல்லிட்டீங்களே. கூப்பிட்டு என்ன சொல்ல?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது, வண்டி ஓடாதபோதும்.

"அவர் சொல்லிட்டாரா?"

"ஆறுதலுக்குச் சொன்னார்."

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. என்னை வெளியே விட்டா யார் எடுப்பாங்க சொல்லு. நீ கெட்டிக்காரி. உனக்கு எங்கயாவது கிடைச்சுடும். அப்படித்தான் நினைச்சேன். வேற ஒண்ணும் இல்லை."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதுதான். நீ விட்டுக்கொடுத்து நான் இருந்தேன்னு ஆகியிருக்கும். காலம் பூரா அதை நான் எப்படிச் சுமக்கறது?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இப்போ இதைச் சுமக்க முடியுமா?"

அழுவாரோ என்று நினைத்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவும் பார்த்தார்.

"பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டம் இருக்கு."

"போங்க. தேடுவாங்க."

இந்தப் பேச்சுக்குப் பிறகும் அவர் போய்விட்டார் என்பதைத்தான் அவள் பின்னாளில் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். போய்ச் சொன்னதைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ள முடிந்தது. பயந்த மனுஷன் என்ன வேண்டுமானாலும் செய்வான். ஆனால் அன்றைக்குக் கார் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கட்டிடத்துக்குள் நடந்து போன அந்த முதுகு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஐந்தரை மணிவரை அவள் காரிலேயே இருந்தாள். பிறகு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். மகளிடம் அவள் தன் வேலை போனதை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை.

அவள் வேலை தேடினாள். அவர் சொன்னதுபோல எங்கேயும் கிடைத்துவிடவில்லை. லிஃப்ட் கதவு தெரிந்தவர்கள் தேவைப்படும் இடங்கள் மொத்தமே மூன்று. இரண்டில் அவர்களே ஆளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் அவள் மகளைவிடக் கொஞ்சமே பெரியவனாகத் தெரிந்த ஒருவன் நேர்காணல் நடத்தினான். பத்தொன்பது வருடமும் ஒரே பிரிவிலா என்று வியந்தான். முதலில் அதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டாள். அனுபவம் அதிகம், பதில் எழுதுகிறோம் என்றார்கள். எழுதவில்லை. பிறகு வேறு துறைகளுக்கும் எழுதினாள். ஜன்னல் செய்யும் கம்பெனி, அலமாரி செய்யும் கம்பெனி, கடைசியில் பள்ளிக்கூடங்கள். முதல் சில மாதங்கள் எண்ணிக்கை வைத்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

கணவர் காலையில் இன்னும் முன்னதாகக் கிளம்பிப்போனார். மதிய உணவைக் கூட மேசையிலேயே முடித்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைவு, கையில் எப்போதும் ஏதாவது வேலை. ஓடாத கடிகாரத்தைப் பிரித்தார். ஓடிக்கொண்டிருந்ததையும் பிரித்தார். அவளிடம் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கத் தொடங்கினார். சன்னலைத் திறக்கட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா. அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும். அவளுக்குச் சண்டைக்கு வேண்டிய தெம்பு இல்லை.

அவள் வெளியே வந்து எட்டு மாதம் கழித்து அவரையும் அனுப்பினார்கள். அறை, காகிதக் கைக்குட்டை எதுவும் கிடையாது. காலை ஒன்பதுக்கு ஒரு மின்னஞ்சல், ஒன்பதேகாலுக்குக் கணினி பூட்டிக்கொண்டது. ஐந்தாம் தளம் முழுவதையும் ஒரே அஞ்சலில் கைகழுவிவிட்டார்கள். பத்தரைக்கு அவர் வீட்டு வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, சோபாவின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது," என்றார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஏதாவது சந்தோஷம் எழுகிறதா என்று தன்னைத்தானே சோதித்தும் பார்த்தாள். ஒன்றும் எழவில்லை. அதுவும் அவளுக்குத் துக்கமாகத்தான் இருந்தது.

மகள் பள்ளிப்படிப்பை முடித்தாள். மேற்படிப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளாகவே சொல்லி, ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டால், "எதுவா இருந்தாலும் இன்ஜினியரிங் மட்டும் இல்லை," என்பாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் இலையுதிர் நேரத்தில் ரேடியோ தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுக்கு ஒரு கருவி விற்கும் கடையில் வேலை கிடைத்திருந்தது. நலம் விசாரித்தான். பழையபடி குரலைத் தாழ்த்தினான், இப்போது தாழ்த்த அவசியமே இல்லாதபோதும்.

"அக்கா, அந்த மனிதவளப் பொண்ணு ஞாபகம் இருக்கா? அவளையும் அனுப்பிட்டாங்க. கடைக்கு வந்தா. பேசிட்டிருந்தப்போ சொன்னா. நம்ம பட்டியல் போன வருஷம் மார்ச் மாசமே கையெழுத்தாயிடுச்சாம். கதவுப் பிரிவு மொத்தமும் அப்பவே முடிவு. ஒரு வீட்டுக்கு ஒரு வேலைங்கறதெல்லாம் கட்டுக்கதை. அதை யார் கிளப்பினான்னே தெரியலை."

"நீதானே என்கிட்ட சொன்னே?"

"என்கிட்ட யாரோ சொன்னாங்க அக்கா," என்றான் அவன்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மார்ச். அவர் போய்ப் பேசியது ஜூனில். அவர் போனாலும் போகாவிட்டாலும் அவள் பெயர் ஏற்கெனவே அந்தத் தாளில் இருந்திருக்கிறது. அவர் அவளைக் கொடுத்து எதையும் வாங்கவில்லை. துறைத் தலைவர் தன் மனது ஆறுவதற்காக அதைக் கேட்டு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் அவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனுஷனுக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கும். அவள் எழுந்து கதவுவரை போனாள். அவருடைய கழுத்தின் பின்புறம் தெரிந்தது. ஒரு வருடத்தில் முடி நன்றாக நரைத்துவிட்டிருந்தது. வாய்வரை வந்தது. ஆனால் பாரம் இறங்கிவிட்டால் அவர் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். பேச்சைக் காப்பாற்றாமல் நாலே நாளில் அவர் போனது போகாததாகிவிடும்.

"என்ன?" என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை. சாப்பிட வர்றீங்களான்னு கேட்க வந்தேன்."

தான் இப்படிப்பட்டவள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததில் பெருமை இல்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் நினைத்தாள்.

குளிர்காலம் வந்தது. இருவரில் யாருக்கும் வேலை வரவில்லை. அவர் இப்போதும் காலை ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னறையில் உட்கார்கிறார். எட்டு மணிக்கு மகள் கடைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்புகிறார். பிறகு நாள் முழுவதும் இரண்டு பேர் மட்டும்.

ஒரு புதன்கிழமை அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே கேட்டார்.

"நான் அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா, நீ இன்னும் அங்கதான் இருந்திருப்பே, இல்லே?"

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தன.

"யாருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, நறுக்கியதை எடுத்துக் கழுவப் போனாள்.